குடோனில் இடம் போதவில்லை: மாடுலர் ஷெட், கன்டெய்னர், மெசனைன், எதை எடுப்பது?

பரண்மேல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு விநியோகக் குடோனை நான் பார்த்துக்கொள்கிறேன். வீட்டு உபயோகப் பொருட்கள், பெரும்பாலும் அட்டைப்பெட்டியில் வருபவை. கட்டடம் 30 மீட்டர் அகலம், 50 மீட்டர் நீளம், ஓர உயரம் 8.5 மீட்டர். உள்ளே 10 வரிசை ரேக். ஒரு வரிசையில் தட்டுக்கு 32 பேலட் (சரக்கை அடுக்கி ஃபோர்க்லிஃப்டில் தூக்கும் பலகை), தரையோடு சேர்த்து 3 தட்டு. ஆக 960 பேலட் வைக்கலாம். நேற்றுக் கணக்குப்படி உள்ளே இருப்பது 1,050. மிச்சம் 90 பேலட்டும் இடைவழியிலும் இறக்குமேடைக்கு முன்னாலும் தரையில் நிற்கின்றன. ஒன்றை எடுக்க மூன்றை நகர்த்த வேண்டியிருக்கிறது. நான்கு மாதத்தில் சீசன். அப்போது 1,350 வரை போகும்.

புதிதாகக் கட்டடம் எழுப்ப நேரம் இல்லை. அதனால் மாடுலராக, அதாவது துண்டு துண்டாக மாட்டிக் கழற்றும்படி, ஏதாவது செய்யலாம் என்று நிர்வாகம் சொல்கிறது. மூன்று யோசனைகள் மேசையில் இருக்கின்றன. பின்பக்க முற்றத்தில் 20க்கு 30 மீட்டரில் அலுமினியச் சட்டமும் பி.வி.சி. துணியும் கொண்ட ஷெட். அல்லது பழைய கன்டெய்னர்களை வாங்கி அடுக்குவது. அல்லது உள்ளேயே 300 சதுர மீட்டருக்கு மெசனைன் (தூண்கள்மேல் நிற்கும் இடைத்தளம்) போட்டு, சில்லறையாகப் பெட்டி எடுக்கும் வேலையை மேலே கொண்டுபோவது.

மூன்றுக்கும் ஆள் வந்து பேசினார்கள். மூவரும் சொன்ன ஒரே வார்த்தை, ‘சில வாரத்தில் முடித்துவிடலாம்’. இதில் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


நட்டுபோல்ட்டு எழுதியது:

நான் 18 வருடமாக ரேக்கும் மெசனைனும் நிறுத்தும் வேலையில் இருக்கிறேன். உங்கள் பதிவைப் படித்ததும் முதலில் என் கண்ணில் பட்டது அந்த 8.5 மீட்டர். 3 தட்டு என்றால் சரக்கின் உச்சி 4.5 மீட்டரில் நிற்கும். அதற்கு மேலே 4 மீட்டர் காலியாகக் கிடக்கிறது. வெளியே 600 சதுர மீட்டருக்குத் துணி விரிப்பதற்கு முன்னால் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள்.

மாடுலர் என்றதும் எல்லோருக்கும் ஷெட்தான் நினைவுக்கு வருகிறது. உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் பேலட் ரேக்கே மாடுலர்தான். தூணில் 75 மில்லிமீட்டருக்கு ஒரு துளை வரிசையாக இருக்கும் (சில தயாரிப்புகளில் 50). பீமை (பேலட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) கழற்றி வேறு துளையில் மாட்டலாம். சில வகைத் தூண்களை மேலே இணைத்து நீட்டலாம், சிலவற்றை மாற்றித்தான் ஆக வேண்டும். ஒரு தட்டு கூட்டினால் 320 பேலட். உங்களுக்குக் குறைவது 390.

ஆனால் நாளைக்கே பீம் வாங்கிவிடாதீர்கள். மூன்று விஷயம் பார்க்க வேண்டும்.

முதலாவது, ஃபோர்க்லிஃப்ட். 3 தட்டு ரேக்குக்கு உங்கள் வண்டி 3.3 மீட்டர் தூக்கினால் போதும். நான்காவது தட்டு 4.5 மீட்டரில் ஆரம்பிக்கிறது. 4.8 மீட்டராவது தூக்கும் மாஸ்ட் (வண்டியின் தூக்குக் கம்பம்) வேண்டும். அதோடு, உயரம் ஏற ஏற வண்டி தூக்கும் எடை குறையும். அந்த எடை வண்டியில் ஒட்டியிருக்கும் தகட்டில் எழுதியிருக்கும். அதைப் படிக்காமல் ‘இது இரண்டு டன் வண்டி’ என்று வாய்வார்த்தையில் போகக் கூடாது.

இரண்டாவது, தூணின் தாங்குதிறன். அது பீம்களின் இடைவெளியைப் பொறுத்தது. முதல் பீமை 1.5 மீட்டரிலிருந்து 2 மீட்டருக்கு உயர்த்தினால், தூண் வளையாமல் தாங்கும் எடை கணக்குப்படி கிட்டத்தட்ட பாதியாகிவிடும். தூண் அதே தூண்தான், இரும்பு அதே இரும்புதான். பிடிமானம் இல்லாத நீளம் கூடியதுதான் வித்தியாசம். உயரமான சரக்கு வந்தது என்று இரவோடு இரவாகக் கீழ்ப் பீமைக் கழற்றிவிட்ட குடோன்களை நான் பார்த்திருக்கிறேன். அங்கே நின்று பேசவே எனக்கு உடம்பு பதறும்.

மூன்றாவது தரை. அதைத் தனியாக எழுதுகிறேன், அதுதான் பெரியது.


தராசு எழுதியது:

நட்டுபோல்ட்டு அண்ணன் மேலே பார்க்கச் சொன்னார். நான் உள்ளே பார்க்கச் சொல்கிறேன். இருப்புக் கணக்கு என் வேலை.

தம்பி, 1,050 பேலட்டும் என்னென்ன? கணினியில் இருந்து மூன்று பட்டியல் எடுங்கள். 180 நாளாக அசையாத பேலட் எத்தனை? பாதிக்கும் கீழே சரக்கு உள்ள பேலட் எத்தனை? பேலட்டோடு சேர்த்து அளந்தால் 1.1 மீட்டருக்கும் குறைவான உயரம் உள்ளவை எத்தனை? மூன்றாவது கணினியில் இருக்காது. டேப் எடுத்துக்கொண்டு நடந்தால்தான் தெரியும். ஒரு நாள் வேலை.

1.5 மீட்டர் இடைவெளியில் 1 மீட்டர் சரக்கை வைத்தால் மேலே அரை மீட்டர் காற்று. அந்தக் காற்றுக்கும் சேர்த்துத்தான் குடோன் வைத்திருக்கிறீர்கள். குடோனில் நிற்கும் சரக்கு என்பது தினமும் வருவதை, அது தங்கும் நாளால் பெருக்கினால் வருவது. தினம் 20 பேலட் வந்து சராசரியாக 50 நாள் தங்கினால் 1,000. அதுவே 45 நாள் தங்கினால் 900. எந்த ஷெட்டும் போடாமல் 100 இடம்.

இதைச் சொன்னால் பலருக்குப் பிடிப்பதில்லை. கொள்முதல் ஆட்களிடம் பேச வேண்டியிருக்கும், அது ஷெட் போடுவதைவிடச் சங்கடம். ஆனால் பேசித்தான் ஆக வேண்டும்.


பரண்மேல் எழுதியது:

நன்றி அண்ணே, நன்றி அக்கா. இரண்டு நாள் எடுத்துக்கொண்டு எண்ணினோம். 180 நாள் அசையாதவை 138. அதில் 90ஐ அனுப்பிவிடலாம் என்று விற்பனைப் பிரிவு எழுதிக் கொடுத்திருக்கிறது. ஒரே சரக்கு அரைகுறையாக இரண்டு மூன்று பேலட்டில் கிடப்பதை ஒன்றாக்கினால் 70 இடம் காலியாகும். 1.1 மீட்டருக்குக் குறைவானவை 300க்கு மேல் இருக்கின்றன. இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. தினமும் அந்த இடைவழியில்தான் நடக்கிறேன்.

அப்படிப் பார்த்தால் சீசன் உச்சம் 1,350 இல்லை, 1,190. ஆனாலும் 960க்கு மேலே 230 இருக்கிறது. ஷெட்டோ கன்டெய்னரோ வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. கன்டெய்னர்தான் வேகமானது என்று தோன்றுகிறது. லாரியில் வந்து இறங்கினால் அன்றைக்கே சரக்கு ஏற்றிவிடலாம் இல்லையா?


கொட்டும்மழை எழுதியது:

ஏற்றலாம். நாங்கள் ஏற்றினோம். என்ன ஆயிற்று என்று சொல்லிவிடுகிறேன், வேறு யாருக்கும் அது வர வேண்டாம்.

20 அடி கன்டெய்னர் ஆறு வாங்கி முற்றத்தில் வைத்தோம். ஒவ்வொன்றின் உள்ளளவு 33 கன மீட்டர். 1200க்கு 1000 மில்லிமீட்டர் பேலட் தரையில் 10 நிற்கும். கதவு ரப்பர் நன்றாக இருந்தது, கூரையில் ஓட்டை இல்லை, உள்ளே நின்று கதவைச் சாத்தி வெளிச்சம் வருகிறதா என்றுகூடப் பார்த்தோம். மூன்றாவது வாரம் காலை 7 மணிக்கு ஒன்றைத் திறந்தேன். கூரைத் தகட்டின் மடிப்பு ஒவ்வொன்றிலும் நீர்த்துளி வரிசை கட்டி நின்றது. நடுவில் சில துளிகள் ஒன்று சேர்ந்து சொட்டிக்கொண்டிருந்தன. மேல் பெட்டியைத் தூக்கினேன். மூடியில் ஒட்டியிருந்த டேப் கையோடு வந்துவிட்டது, அட்டை ஊறிப்போன ரொட்டி மாதிரி பிய்ந்தது. முதல் நாள் இரவு மழையே இல்லை.

அப்புறம்தான் கணக்குப் புரிந்தது. பகலில் 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்று உள்ளே அடைபட்டால், அது 26 டிகிரிக்குக் குளிர்ந்ததுமே நீர் விடத் தொடங்கும். இரவில் திறந்த வானத்தைப் பார்த்து நிற்கும் இரும்புத் தகடு அந்த அளவுக்கு எளிதாகக் குளிர்ந்துவிடும். அதோடு நாங்கள் வைத்த மரப் பேலட்கள் புதிது, ஈரமானவை. 20 கிலோ எடையுள்ள ஒரு பேலட் 25 சதவீத ஈரத்திலிருந்து 15க்கு உலர்ந்தால் ஒன்றரை லிட்டர் நீரைக் காற்றில் விடும். 10 பேலட்டுக்குப் பதினைந்து லிட்டர். ஓட்டை தேடி நாங்கள் கூரையைச் சுற்றிச் சுற்றி வந்தோம், தண்ணீரை உள்ளே கொண்டுபோய் வைத்தது நாங்களே.

அந்த மாதம் 200 பெட்டிக்கு மேல் கழிவு. அந்தச் சரக்கைக் கட்டிய ஆட்களின் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.


இரும்புப்பெட்டி எழுதியது:

கொட்டும்மழை சொன்னது உண்மை, ஆனால் அதை வைத்துக் கன்டெய்னரையே ஒதுக்கிவிட வேண்டாம். கூரையின் உள்பக்கம் வெப்பத்தடுப்பு நுரை அடிக்கலாம். பக்கத்துச் சுவரில் இருக்கும் சின்னக் காற்றுத் துளைகள் போதாது, எதிரெதிராகப் பெரிய காற்றுவழி வைக்க வேண்டும். மேலே ஒரு தனிக் கூரை நிறுத்தி வெயிலும் பனியும் நேரடியாகப் படாமல் செய்தால் பாதிப் பிரச்சினை போய்விடும். உலர்ந்த பேலட், அல்லது பிளாஸ்டிக் பேலட். இரும்பு உதிரி, காலிப் பேலட், டயர், கண்ணாடிப் புட்டி போன்ற சரக்குக்குக் கன்டெய்னர் அருமையானது. பூட்டு பலம், எலி வராது, வேண்டாதபோது விற்றுவிடலாம்.

வாங்குபவர்கள் கவனிக்க வேண்டிய இரண்டு விஷயம் சொல்கிறேன்.

கன்டெய்னர் எடையைத் தாங்குவது நான்கு மூலைகளில். ஒன்றன்மேல் ஒன்று வைக்கும்போது மூலை மூலைமேல் உட்கார வேண்டும். தரையிலும் அந்த நான்கு மூலைக்குக் கீழேதான் கான்கிரீட் கட்டை வேண்டும். மூலைகள் சமமாக இல்லாவிட்டால் சட்டம் முறுக்கிக்கொண்டு கதவு சாத்தாது. இரண்டு கன்டெய்னருக்கு நடுவே வழி வேண்டும் என்று பக்கச் சுவரை வெட்டுகிறார்கள். சுவர் மெல்லிய மடிப்புத் தகடுதான், ஆனால் கன்டெய்னர் தொய்யாமல் பிடித்திருப்பது அது. வெட்டினால் சுற்றிலும் சட்டம் வைத்து வெல்டிங் செய்ய வேண்டும், அதற்கு முன்னால் பொறியாளர் கணக்குப் போட வேண்டும்.

இன்னொன்று, கடலில் ஓடிய கன்டெய்னரின் தரைப் பலகைக்குப் பெரும்பாலும் பூச்சிமருந்து ஏற்றியிருப்பார்கள். கதவில் உள்ள தகட்டில் மரத்துக்கு என்ன மருந்து என்று எழுதியிருக்கும். உணவுப் பொருள் வைப்பதாக இருந்தால் அதைப் படிக்காமல் வாங்காதீர்கள்.


பரண்மேல் எழுதியது:

எங்கள் சரக்கு முழுக்க அட்டைப்பெட்டி. கன்டெய்னரைப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டேன். துணி ஷெட் பற்றி யாராவது? விற்பனையாளர் ஒரு வாரத்தில் நிறுத்தித் தருவதாகச் சொல்கிறார். தரைக்கு எதுவும் செய்ய வேண்டாம், ஆணி அடித்தால் போதும் என்கிறார்.


காற்றுத்திசை எழுதியது:

ஆணி அடித்தால் போதும் என்று யார் சொன்னாலும், எத்தனை கிலோ இழுவைக்கு என்று கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள்.

நானே கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 25 கிலோ. 40 மீட்டர் வேகத்தில் 50 இல்லை, 100 கிலோ. உங்கள் ஷெட் 600 சதுர மீட்டர். அந்த அழுத்தத்தில் பாதி மட்டும் கூரையை மேல்நோக்கி இழுக்கிறது என்று வைத்தாலும் 30 டன். 5 மீட்டருக்கு ஒரு சட்டம் என்றால் 7 சட்டம், 14 கால். ஒவ்வொரு காலையும் 2 டன்னுக்கு மேல் மேலே பிடுங்கும். ஒரு கன மீட்டர் கான்கிரீட்டே 2.4 டன்தான். ஆக, ஒவ்வொரு காலுக்கும் கீழே ஏறக்குறைய ஒரு கன மீட்டர் கான்கிரீட், அதுவும் பாதுகாப்புக் கூட்டலைச் சேர்க்காமல்.

கட்டடங்கள் கீழே விழாமல் இருக்கத்தான் அஸ்திவாரம் என்று நினைக்கிறோம். துணி ஷெட்டுக்கு அது பறக்காமல் இருக்க. அந்த ஷெட்டின் சொந்த எடை இதில் ஒரு பொருட்டே இல்லை. ஆணி நன்றாக இறுகிய மண்ணில் ஓரளவு பிடிக்கும், மழையில் ஊறிய மண்ணில் பிடிக்காது. காற்றும் மழையும் சேர்ந்துதான் வரும். ஆணியை அடித்துவிட்டு இழுவைச் சோதனை செய்து காட்டச் சொல்லுங்கள், மறுக்கிறவரிடம் வாங்காதீர்கள்.

அடுத்தது தண்ணீர். ஷெட்டைக் குடோன் சுவருக்கு எவ்வளவு தள்ளி வைக்கப் போகிறீர்கள்?


பரண்மேல் எழுதியது:

2 மீட்டர் இடைவெளி விட்டு, குடோனின் நீளச் சுவருக்கு இணையாக.


காற்றுத்திசை எழுதியது:

அப்படியானால் இதையும் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் மழை. ஷெட் கூரையின் ஒரு பாதியிலிருந்து 15,000 லிட்டர், குடோன் கூரையின் ஒரு பாதியிலிருந்து 37,500 லிட்டர். இரண்டும் அந்த 2 மீட்டர் சந்தில் விழும். 52,500 லிட்டர் ஒரு மணி நேரத்தில். இப்போது குடோன் தண்ணீர் முற்றத்தில் பரவி ஓடிவிடுகிறது, உங்களுக்குத் தெரிவதில்லை. ஷெட் வந்ததும் அது குறுக்கே நிற்கும் அணை. ஷெட்டின் பக்கத் துணிக்கு அடியில் நுழைந்து பேலட்டின் காலடிக்கு வந்துவிடும். வடிகால் வெட்டாமல் ஒரு சட்டம்கூட நிறுத்தாதீர்கள்.

தீயணைப்பு வண்டி அந்தச் சந்தில் போகாது என்பதையும் மனதில் வையுங்கள். கட்டடத்துக்கும் ஷெட்டுக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று உங்கள் ஊரின் தீயணைப்பு விதியைப் பாருங்கள். காப்பீட்டுக்காரருக்கும் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். தற்காலிக அமைப்பில் வைத்த சரக்கு பாலிசியில் குறிப்பிடப்படவில்லை என்றால் சிக்கல்.


இடைவழி எழுதியது:

நான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். எல்லோரும் எத்தனை பேலட் என்று பேசுகிறீர்கள். அதை எடுத்து வரும் ஆளையும் கொஞ்சம் நினையுங்கள்.

ஷெட் வெளியே என்றால் ஒவ்வொரு பேலட்டுக்கும் முற்றத்தைக் குறுக்கே கடக்க வேண்டும். அதே முற்றத்தில் லாரி பின்னுக்கு வரும். மழை நாளில் ஈரச் சக்கரத்தோடு உள்ளே வந்தால் வழவழப்பான தரையில் வண்டி வழுக்கும். குடோன் தரைக்கும் முற்றத்துக்கும் நடுவே 2 சென்டிமீட்டர் படி இருந்தாலும் லோடு குலுங்கும். பார்வைக்கு ஒன்றுமில்லை, உயர அடுக்கிய பெட்டிக்கு அது போதும். உள்ளே ஓடும் ரீச் டிரக்கை (குறுகிய இடைவழிக்கான ஃபோர்க்லிஃப்ட்) வெளியே எடுக்கவே முடியாது, அதன் சின்னச் சக்கரம் சமமான தரைக்கு மட்டும்தான்.

அதனால் வெளியே வைப்பதாக இருந்தால் அடிக்கடி எடுக்காததை வையுங்கள். தினமும் நாற்பது தடவை எடுப்பதை வெளியே தள்ளினால் சீசனில் எங்களால் முடியாது.

இன்னொன்று. எந்த அமைப்பு வந்தாலும் தூணுக்கு மஞ்சள் காப்புத் தகடு முதல் நாளே போடுங்கள். இடித்த பிறகு போடலாம் என்று விடாதீர்கள். ரேக் தூணில் சின்ன நெளிவு வந்தால்கூட ஓட்டுநர் வந்து சொல்லும்படி வையுங்கள். திட்டுவார்கள் என்று பயந்தால் யாரும் சொல்ல மாட்டார்கள். நெளிந்த தூண் நெளிந்தபடியே நிற்கும்.


நட்டுபோல்ட்டு எழுதியது:

இடைவழி, உங்கள் கடைசிப் பத்தியை என் கூட்டாளிகளுக்கெல்லாம் காட்டப் போகிறேன்.

சரி, தரைக்கு வருகிறேன். 4 தட்டு ரேக்கில் தரையில் நிற்பவை போக 3 தட்டு பீமில் நிற்கும். பேலட் 800 கிலோ என்று வைத்தால், இரண்டு சட்டத்துக்கு நடுவே தட்டுக்கு 2 பேலட், ஆக 4.8 டன். நடுவில் உள்ள ஒரு சட்டத்துக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் பாதிப் பாதி வந்து அதே 4.8 டன் சேரும். இரண்டு கால், கால் ஒன்றுக்கு 2.4 டன். அது இறங்குவது உள்ளங்கை அகலமுள்ள ஒரு தகட்டின் வழியாக. முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை வரிசையில் இரண்டு கால் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், அங்கே இன்னும் கடுமை.

மெசனைன் இதைவிடக் கனம். சதுர மீட்டருக்கு 500 கிலோ என்று வடிவமைத்து, 5 மீட்டருக்கு 5 மீட்டர் தூண் வைத்தால் நடுத்தூண் ஒவ்வொன்றுக்கும் 12.5 டன். ரேக் காலைப்போல ஐந்து மடங்கு. பெரும்பாலான பழைய குடோன் தரையில் அதற்குத் தனி அஸ்திவாரம் தோண்டியாக வேண்டும். மெசனைன் விலைப்பட்டியலில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள், பல இடத்தில் ‘தரை வாடிக்கையாளர் பொறுப்பு’ என்று கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும்.

இன்னும் இரண்டு விஷயம். மெசனைன் தளம் மூடிய பலகை என்றால் அதற்குக் கீழேயும் ஸ்பிரிங்க்ளர் (தீப்பிடித்தால் தானாக நீர் தெளிக்கும் அமைப்பு) வேண்டும், கூரையிலிருந்து வரும் நீர் கீழே எட்டாது. ரேக்கில் தட்டு கூட்டினாலும் அதே கவலைதான். கூரை ஸ்பிரிங்க்ளர் ஒரு குறிப்பிட்ட அடுக்கு உயரத்துக்குத்தான் வடிவமைக்கப்பட்டிருக்கும். 4.5 மீட்டர் சரக்கை அணைக்கும் நீர் 6 மீட்டருக்குப் போதும் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. பம்பும் தொட்டியும் சேர்த்துச் சரிபார்க்க வேண்டும்.

தரையின் தடிமனை வரைபடத்தில் படிக்காதீர்கள். துளையிட்டு எடுத்துப் பாருங்கள்.


தராசு எழுதியது:

இதற்கு இடையில் ஒரு பழைய கதை. 1851இல் லண்டன் ஹைட் பூங்காவில் ஜோசப் பாக்ஸ்டன் வடிவமைத்த கிறிஸ்டல் பேலஸ், ஒரே அளவு இரும்புச் சட்டமும் ஒரே அளவு கண்ணாடியும் திரும்பத் திரும்ப வைத்துக் கட்டியது. கண்காட்சி முடிந்ததும் கழற்றி, சிடன்ஹாம் என்ற இடத்தில் மாற்றியும் பெருக்கியும் கட்டி, 1854இல் மறுபடி திறந்தார்கள். கழற்றி மாட்டுவது என்பது இன்று நேற்று வந்ததில்லை. நான் இதை இங்கே சொல்வது ஒரு காரணத்துக்காக. ஷெட்டை நாளைக்கு வேறு இடத்துக்கு எடுத்துப் போகலாம் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். நாங்கள் ஒருமுறை கழற்றியபோது எந்தச் சட்டம் எங்கே இருந்தது என்று யாரும் எண் போடவில்லை. போல்ட் எல்லாம் ஒரே சாக்கில். திரும்ப நிறுத்த முதல் தடவையைவிட இரண்டு மடங்கு நாள் ஆனது. நிறுத்தும் அன்றைக்கே ஒவ்வொரு துண்டிலும் அழியாத எண் இடுங்கள், வரைபடத்திலும் அதே எண். அன்றைக்கு அரை நாள் கூடுதல் வேலை.


பரண்மேல் எழுதியது:

மூன்று மாதம் கழித்து எழுதுகிறேன். பதில் எழுதிய எல்லோருக்கும் இந்தக் கணக்கைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

அண்ணன் சொன்னபடி தரையில் மூன்று இடத்தில் வட்டமாகத் துளையிட்டு எடுத்தோம். வரைபடத்தில் 200 மில்லிமீட்டர். முதல் துண்டு 190. இரண்டாவது 185. மூன்றாவது வெளியே வந்தபோது துளைக்கும் ஆள் எதுவும் பேசாமல் அதை என் கையில் கொடுத்தார். மற்ற இரண்டோடு சேர்த்துப் பிடித்தால் கண்ணுக்கே தெரிந்தது, 130. அடியில் மண் இறுகாமல் ஒரு விரல் நுழையும் இடைவெளி. சுத்தியலால் தட்டிக்கொண்டே போனோம். ஏறக்குறைய இரண்டு வரிசை நீளத்துக்கு அந்த வெற்று ஓசை கேட்டது. எப்போதோ ஒரு பழைய வடிகால் போன பாதையாம், மேலே மூடிவிட்டார்கள். மெசனைனுக்கு நாங்கள் குறித்து வைத்திருந்த இடம் அதே மூலைதான். மெசனைன் அன்றோடு கைவிடப்பட்டது.

பொறியாளர் கணக்குப் போட்டு, தரை நன்றாக உள்ள 6 வரிசையில் நான்காவது தட்டு ஏற்றச் சொன்னார். அதில் 192 இடம். இன்னும் 2 வரிசையில் குட்டைச் சரக்குக்கு என்று பீம் இடைவெளியை 1.2 மீட்டராகக் குறைத்து ஒரு தட்டு கூட்டினோம், 64. வெற்று ஓசை வந்த 2 வரிசையைத் தொடவில்லை, எடை குறைந்த சரக்கை மட்டும் அங்கே வைக்கிறோம். மொத்தம் 1,216. ஸ்பிரிங்க்ளரைப் பார்த்தவர்கள் 6 மீட்டர் அடுக்குக்கு இருக்கும் நீரோட்டம் போதும் என்று கணக்கோடு எழுதிக் கொடுத்தார்கள். பேலட்டுக்குப் பேலட் விட வேண்டிய இடைவெளியைப் பீமில் கோடு போட்டுக் குறிக்கச் சொன்னார்கள், குறித்துவிட்டோம். 4.8 மீட்டர் தூக்கும் வண்டி ஒன்று வாடகைக்கு வந்திருக்கிறது.

அதுவே 1,190க்குப் போதும் என்று நிர்வாகம் சொன்னது. ஒன்றை எடுக்க மூன்றை நகர்த்தியதை எல்லாம் காட்டி, முழுக்க நிரம்பிய குடோனில் வேலை நடக்காது என்று பேசினேன். அதனால் ஷெட்டும் உண்டு, ஆனால் 20க்கு 30 இல்லை, 10க்கு 20 மீட்டர். குடோன் சுவரை ஒட்டி இல்லாமல், முற்றத்தின் மறுகோடியில், லாரி வழிக்கு அப்பால். தீயணைப்பு விதிக்கும் அது சரியாக வந்தது. காலுக்குக் கான்கிரீட் கட்டை போட 9 நாள், வடிகால் வெட்ட 6 நாள், ஷெட் நிறுத்த 3 நாள். இரண்டு அடுக்காக 120 பேலட் நிற்கும். இடைவழி சொன்னபடி, மாதம் ஒருமுறை எடுக்கும் சரக்கை மட்டும் அங்கே வைக்கிறோம்.

இடைவழியில் தரையில் இப்போது ஒரு பேலட்டும் இல்லை. ஆறாவது வரிசையை முழு நீளத்துக்கு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்க்க முடிகிறது.

ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. ஷெட் துணியை வருடத்துக்கு எத்தனை முறை இழுத்து இறுக்க வேண்டும்? நேற்று மழையில் வடக்குப் பக்கக் கூரையில் ஓர் இடத்தில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குத் தண்ணீர் தேங்கி நின்றது.


காற்றுத்திசை எழுதியது:

அதை இன்றைக்கே இறுக்குங்கள், அடுத்த மழைக்கு விடாதீர்கள். தேங்கிய தண்ணீர் துணியைத் தொய்ய வைக்கும், தொய்ந்த இடத்தில் இன்னும் தேங்கும். புதுத் துணி முதல் சில வாரத்தில் கொஞ்சம் நீளும், அது இயல்பு. முதல் மாதத்துக்குப் பிறகு ஒருமுறை, அப்புறம் பெரிய காற்று வரும் பருவத்துக்கு முன்னால் ஒருமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள். இறுக்கும்போது கால் போல்ட்களையும் ஒரு ஸ்பேனர் வைத்துப் பார்த்துவிடுங்கள். தண்ணீர் நின்ற இடத்தின் படத்தைப் போடுங்கள், சட்டத்துக்கு எவ்வளவு தள்ளி என்று பார்த்துச் சொல்கிறேன்.